மூன்றாம் தண்ணீருக்கு முன்

எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் ஓசையை, அது ஓடிய காலத்தில் நான் தனியாகக் கேட்டதே இல்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரே மதில் சுவருக்குள் தொழிற்சாலை முன்புறமும் வீடு பின்புறமுமாக இருந்தன. கம்ப்ரஸரின் அதிர்வு சுவர் வழியே சமையலறைக்கு ஏறி, அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகளை இடைவிடாமல் நடுங்கச் செய்துகொண்டிருக்கும். சாலைப் பக்கம் லாரிகளின் இரைச்சல். ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடியின் லாரி வரிசை சில நாட்களில் எங்கள் வாயில்வரை நீண்டு, ஓட்டுநர்கள் இறங்கி வந்து தண்ணீர் கேட்பார்கள். இந்த இரண்டு ஓசைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் பாடம் படித்தேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டிருந்தேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அப்பா தம் பங்காக வந்த நெல்வயல் முழுவதையும் விற்று அந்தத் தொழிற்சாலையைக் கட்டியிருந்தார். பழவேற்காட்டு ஏரியிலும் கடலோரக் குப்பங்களிலும் பிடிபடும் மீனும் இறாலும் சென்னை போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்க, எங்கள் ஐஸ் பாளங்கள் உமியில் புதைந்து வண்டியேறின. எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. அது நின்றால் திரும்பிப் போவதற்கு வயலும் இல்லை.

இயந்திரம் சித்தப்பாவின் பொறுப்பு. அப்பாவின் ஒரே தம்பியான அவர் மணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். அப்பா பேசத் தயங்கும் இடங்களிலெல்லாம் அவர் பேசுவார். காப்பீட்டு ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த நாளும் அப்படித்தான் கழிந்தது. பொன்னேரிப் பக்கத்துக்காரரான ஏஜென்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

“தீப்புடிச்சா கட்டடத்துக்கு வேற பாலிசி கீது அண்ணாத்தே. கட்டடத்தத் திருப்பிக் கட்டற வரிக்கும் நீ இன்னாத்தத் துன்னுவே? அதுக்குத்தான் இது. வியாபாரம் நின்னா, நிக்காம இருந்தா இன்னா லாபம் வந்திருக்குமோ, அதக் குடுப்பாங்க.”

“ஐஸ் கம்பெனில தீ எப்பிடிப் புடிக்கும்?” என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

“ஏஜென்ட்டு அந்தப் பீடிய உமியில போட்டாருன்னா புடிக்கும் அண்ணி,” என்றார் சித்தப்பா.

ஏஜென்ட் பீடியை அவசரமாகக் காலால் மிதித்து அணைத்தார். சிரிப்பு அடங்கியதும் அப்பாவின் பக்கம் குனிந்தார். “இன்னும் ஒரு ஷரத்து சேத்துக்கோ. தொத்து வியாதி வந்து, சர்க்காரு ஒன் கம்பெனிய மூடச் சொன்னாலும் குடுப்பாங்க. போன வருசம் குப்பத்துல வாந்திபேதி வந்துச்சா இல்லியா? ஐஸுதான் மொதல்ல மாட்டும். சும்மா சொல்லல.”

அப்பா சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அது அவருடைய முன்யோசனை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அந்த ஆண்டு கோடையின் தொடக்கத்தில் கடலோரக் குப்பங்களில் பெரியம்மை பரவியது. அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர்கள் ஜீப்பில் வந்தபோது, எங்கள் ஆட்கள் சவுக்குத் தோப்புக்குள் ஓடி மறைந்தார்கள். சித்தப்பா ஓடவில்லை. இயந்திரத்தை விட்டு நகர முடியாது என்று கையை விரித்து, “நாளிக்கி வாங்க சார், இன்னிக்கி மிஷினு சூடா கீது,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐஸ் செய்யும் இடத்தில் சூடு என்று சொன்னதற்காக அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஜீப் மறுபடி வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு முகத்திலும் கைகளிலும் முத்துகள் எழும்பின.

அன்று முதல் வீடு அம்மாவின் ஆட்சிக்குள் போயிற்று. மதில் வாயிலின் இரு புறமும் வேப்பிலைக் கொத்துகள் கட்டப்பட்டன. சமையலில் தாளிப்பு நின்றது. சித்தப்பா படுத்திருந்த அறையை மஞ்சள் நீர் தெளித்து மெழுகினாள் அம்மா. நோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. மாரியாத்தா வீட்டுக்கு விருந்தாக வந்திருக்கிறாள். அவள் மனம் குளிர்ந்து இறங்கிப் போகும்வரை அது அவள் வீடு. அந்த நாட்களில் அவள் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. நெருப்போ உப்போ மோரோ காசோ, எது போனாலும் அவள் கோபம் படுத்திருப்பவர் மேல் திரும்பும். முத்துகள் வாடத் தொடங்கியதும், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரை இடைவெளி விட்டு மும்முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீடு மறுபடி வீட்டாருடையது. எங்கள் வட்டாரத்தில் இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. வேப்பிலையைப் பார்த்தவர்கள் வாயிலிலேயே திரும்பிப் போனார்கள்.

திரும்பிப் போகாதவர் சுகாதார ஆய்வாளர் ஒருவரே. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

“ஐஸு வாயில போற பொருளுங்க. நான் இன்னா பண்ணட்டும்? மேல இருந்து ஆர்டரு,” என்றார். குரலில் கடுமை இல்லை. தொழிற்சாலைக் கதவின் தாழில் அரக்கு முத்திரை வைத்து, உத்தரவுத் தாளைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். சமையலறைத் தட்டுகள் அசையாமல் நின்றன. உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கியிருந்த தகரக் கூடுகளில் பாதி உறைந்திருந்த ஐஸ், பூட்டிய கதவுக்குப் பின்னால் உருகிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம்.

அன்று மாலை அப்பா பாலிசியை எடுத்து என்னிடம் நீட்டினார். “படிச்சி இன்னா செய்யணும்னு சொல்லு பாப்பா.”

நான் இருமுறை படித்தேன். ஷரத்து ஏஜென்ட் சொன்னபடியே இருந்தது. தொற்றுநோய் இந்த வளாகத்தில் ஏற்பட்டு, அரசு உத்தரவால் தொழில் நின்றால் இழப்பை ஈடு செய்வார்கள். அதற்குக் கீழே ஒரு நிபந்தனை: இழப்புக்குக் காரணமான நிகழ்ச்சி நேர்ந்தவுடன் தாமதமின்றி எழுத்துமூலம் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் உரிமை இல்லை. தமிழில் சொன்னேன். அப்பா தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். அம்மா அறை வாயிலில் வந்து நின்றாள்.

“இன்னா எழுதறீங்க?”

“கம்பெனிக்கு. மூடிட்டாங்கன்னு தெரியப்படுத்தணும்.”

“தெரிஞ்சா?”

“நஷ்டத்துக்குப் பணம் குடுப்பாங்க.”

“ஆத்தா ஊட்டுக்குள்ள குந்திக்கினு கீறா,” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தக்கூடாத நாட்கள் அவை. “அவ வந்ததுக்குப் பணம் குடுன்னு இங்கேருந்தே எழுதி அனுப்புவீங்களா? உங்க தம்பி கண்ணத் தொறக்க முடியாம கெடக்கறாரு.”

அப்பா கோயிலுக்கு அம்மாவின் வற்புறுத்தலால் மட்டுமே போகிறவர். உள்ளறையில் இருந்து சித்தப்பாவின் முனகல் கேட்டது. அவரைக் கவனிக்க எங்களோடு வந்து தங்கி, வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்த அத்தையின் வளையல் ஓசையும் கேட்டது. அப்பா பேனாவை மூடினார். “மூணாந் தண்ணி ஊத்தட்டும். அப்பால போடலாம்,” என்றார். அந்த அறையில், அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்து மனிதர் எவரும் வேறு விதமாக முடிவு செய்திருக்க மாட்டார் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இடையில் ஒரு நாள் ஏஜென்ட் வந்தார். தவணைக்காக வந்திருக்கலாம், அல்லது செய்தி கேள்விப்பட்டிருக்கலாம். பேருந்திலிருந்து இறங்கி வாயிலை நெருங்கியவர் வேப்பிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாலையிலிருந்தபடியே உரக்கச் சொன்னார்: “ஆத்தா குளுந்து எறங்கட்டும் அண்ணாத்தே. அப்பால வரேன்.” அப்பா ஜன்னலில் நின்று கும்பிட்டார். கம்பெனியைச் சேர்ந்த ஒரு மனிதருக்கு எங்கள் வீட்டில் நடப்பது தெரிந்துவிட்டது என்பதில் அப்பாவுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றே, தலை துவட்டிய தம்பியைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, அப்பா தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். சித்தப்பா பிழைத்துவிட்டார். கண்கள் இரண்டும் பிழைக்கவில்லை. அம்மா வேப்பிலையை அவிழ்த்துக் கிணற்றடியில் போட்டாள். “உயிர உட்டுட்டுப் போனாளே, அது போதும்,” என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்பதால்தான் உயிர் தங்கியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆய்வாளர் மறுபடி வந்து முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தபோது உள்ளே தேங்கிய உப்புநீரின் நெடி. தகரக் கூடுகள் துருவேறியிருந்தன. குளிரூட்டும் அம்மோனியா வாயு குழாய் மூட்டுகளில் கசிந்து போயிருந்தது. குப்பத்து வியாபாரிகள் அதற்குள் சென்னை ஐஸுக்கு மாறிவிட்டிருந்தார்கள். மறுபடி ஓட்டுவதற்குக் கம்பெனி தரும் பணம் ஒன்றே வழி.

கம்பெனியின் பதில் மரியாதையாக இருந்தது. நோய் வளாகத்தில் ஏற்பட்டதை அவர்கள் மறுக்கவில்லை. அரசு உத்தரவையும் மறுக்கவில்லை. அறிவிப்பு தாமதமானதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். நோயுற்றவரைத் தங்கள் மருத்துவர் பார்க்க வேண்டும் என்றும், சொந்தக்காரரின் வாக்குமூலம் வேண்டும் என்றும் குறித்து, சென்னை அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள்.

போவதற்கு முன்தினம் ஏஜென்ட் வந்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் முற்றத்தில் உட்கார்ந்தார்.

“நான் வந்தேன், வேப்பிலையப் பாத்தேன், அதனால கம்பெனிக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்தேன் அண்ணாத்தே. ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ் வாங்கற அதிகாரம் இல்லியாம். எலையப் பாத்தா நோட்டீஸ் ஆவாதாம். மேனேஜரு என்னியப் பாத்து சிரிக்கறான்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன் கேளு. மூடின அன்னிக்கே சாதாத் தபால்ல ஒரு லெட்டரு போட்டேன், அது எங்கியோ தொலஞ்சி பூடுச்சின்னு சொல்லு. எவன் இல்லன்னு சொல்லுவான்? தபால்ல தொலயாததா? குடுத்துடுவாங்க. எனக்குத் தெரியும். அவனுங்களுக்கும் குடுக்க மனசு கீது, பேப்பர்ல ஒரு வரி வோணும், அவ்ளோதான்.”

அப்பா உடனே மறுக்கவில்லை. அவர் விரல்கள் வேட்டி நுனியை மடித்து மடித்துப் பிரித்தன. தொழிற்சாலை அந்த ஒரு வாக்கியத்தின் தூரத்தில் இருந்தது. ஏதோ சொல்ல அவர் வாய் திறந்தபோது, உள்ளே கட்டிலில் இருந்த சித்தப்பா கேட்டார்:

“ண்ணா, நான் படுத்துக்கினு இருந்தப்போ லெட்டரு போட்டியா?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இல்லடா,” என்றார் அப்பா.

“அப்ப சரி,” என்றார் சித்தப்பா.

ஏஜென்ட் எழுந்து, நாளை அலுவலகத்தில் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். பொய் சொல்வதைப் பற்றி அதன் பிறகு பேச்சு எழவில்லை. கம்பெனிக்குச் சொல்லும் அந்தப் பொய் வீட்டுக்குள் வேறொன்றாக மாறிவிடும். ஆத்தா இருந்தபோதே அண்ணன் கடிதம் அனுப்பினான், அதனால்தான் என் கண் போயிற்று என்று சித்தப்பா மீதி வாழ்நாள் முழுவதும் இருட்டில் உட்கார்ந்து நினைக்கலாம். கடிதம் பொய் என்று பிறகு எத்தனை முறை சொன்னாலும், பணத்துக்காகச் சொன்னது ஒன்று, தம்மிடம் சொன்னது ஒன்று என்ற இரண்டு பேச்சில் எது மெய் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சித்தப்பாவின் கையை அப்பா பிடித்துக்கொள்ள, நான் பாலிசியை எடுத்துக்கொண்டு, மூவரும் காலை ரயிலில் போனோம். அலுவலகம் துறைமுகத்துக்கு அருகே உயரமான கூரையுடைய பழைய கட்டடம். கம்பெனி மருத்துவர் சித்தப்பாவின் இமைகளை விரலால் தூக்கிப் பார்த்து, ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொடுத்து வெளியேறினார். அதிகாரி நடுத்தர வயதினர். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சித்தப்பாவை உட்காரவைத்தார். அவரை வெறுப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

“உடனே தெரிவித்திருந்தால் நாங்களே ஆள் அனுப்பி மருந்தடித்து, சுகாதாரத் துறையிடம் பேசி, சீக்கிரம் திறக்க வைத்திருப்போம். இயந்திரமும் வீணாகியிருக்காது. அந்த நிபந்தனை அதற்காகத்தான் இருக்கிறது,” என்றார். பிறகு புன்னகையோடு தொடர்ந்தார்: “வேப்பிலை கட்டி ஊருக்கெல்லாம் தெரியப்படுத்திவிட்டீர்கள். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லையே?”

“அதக் கட்டறதே, வராதீங்கன்னு சொல்றதுக்குத்தாங்க,” என்றார் அப்பா. “நீங்க ஆள அனுப்பியிருந்தாலும் வாசல்லயே நின்னுருப்பாரு. உங்க ஏஜென்ட்டு நின்னாரே.”

அறையின் ஓரத்தில் நின்ற ஏஜென்ட் தலை குனிந்துகொண்டார். அதிகாரி பென்சிலை மேசைமேல் வைத்தார். அடுத்த கேள்வியை அவர் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஒரு கதவைத் தம்மால் இயன்ற அளவு திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அந்த நாட்களில் ஒரு போஸ்ட் கார்டாவது எழுதிப் போட்டீர்களா? எங்களுக்கு வந்து சேராமல் போயிருக்கலாம். அது வேறு. எழுதினீர்களா என்பதுதான் கேள்வி.”

அப்பா பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். சித்தப்பா முகத்தை அப்பாவின் குரல் வரும் திசைக்குத் திருப்பிக் காத்திருந்தார். தழும்புகள் இன்னும் கருமையாக இருந்தன.

“இல்லீங்க,” என்றார் அப்பா. “ஒண்ணும் போடல.”

தட்டச்சு செய்த வாக்குமூலத்தை அதிகாரி என்னிடம் கொடுத்து, அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். அப்பா கூறியது அனைத்தும் அதில் இருந்தது: சமய வழக்கம் காரணமாக, நோயாளி குணமடையும்வரை எந்த அறிவிப்பும் அனுப்பப்படவில்லை. நான் ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பவும் படித்துப் பார்த்தேன். திருத்துவதற்கு ஒரு சொல்கூட அகப்படவில்லை. அப்பா கையெழுத்திட்டார்.

மறுப்புக் கடிதம் அதே மாதத்தில் வந்தது. வக்கீல் ஒருவர் பாலிசியைப் புரட்டிப் பார்த்தார். எவ்வளவு தருவது என்ற தகராறை மட்டுமே நடுவர் தீர்க்க முடியும், தருவதா வேண்டாமா என்பது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். கோர்ட் என்றால் எத்தனை வருடம் என்று அப்பா கேட்டார். வக்கீல் என்னைப் பார்த்து, “பொண்ணு என்ன படிக்கிறாங்க?” என்று பேச்சை மாற்றினார்.

மழைக்காலத்துக்கு முன்பே எல்லைக்கு அப்பால் சூலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து தொழிற்சாலையை விலை பேசினார். அப்பாவை “நைனா, நைனா” என்று உரிமையோடு அழைத்து, துருவைச் சுரண்டிச் சுரண்டிக் காட்டி விலையைக் குறைத்தார். இயந்திரங்களைக் கழற்ற ஆட்கள் வந்த நாளில் நான் கல்லூரிக்குப் போகவில்லை. சித்தப்பா தம்மை வாயிலருகே உட்காரவைக்கச் சொன்னார். சம்மட்டி ஓசை ஒவ்வொன்றுக்கும் அவர் தலை அசைந்தது. கம்ப்ரஸரை உருளைகளின் மேல் தள்ளி லாரியில் ஏற்றியபோது ஆட்கள் தெலுங்கில் கூச்சலிட்டார்கள். அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

லாரி வாயிலைத் தாண்டியதும் அப்பா அவர் அருகில் வந்து நின்றார். சித்தப்பா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“போட்டேன்னு சொல்லியிருக்கலாம் ண்ணா, அந்த ஆபீசுல.”

அப்பா லாரி போன திசையைப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். கண்ணு எப்பிடியும் போயிருக்கும்.”

“அன்னிக்கி ‘அப்ப சரி’ன்னியே,” என்றார் அப்பா.

சித்தப்பா அந்த இரு சொற்களை அன்று எந்த நினைப்பில் சொன்னார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அச்சத்தால் சொல்லியிருக்கலாம். வெறுமனே பேச்சுக்குப் பதிலாகவும் சொல்லியிருக்கலாம். அவரிடம் நான் கேட்டதில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, இனிக் கேட்பதற்கில்லை.

அன்று சோதனைச் சாவடியில் நெரிசல். எங்கள் இயந்திரத்தை ஏற்றிய லாரி சிறிது தூரம் போய், வரிசையின் கடைசியில் நின்றுவிட்டது. வாயிலிலிருந்து பார்த்தால், தார்ப்பாயை மீறி நீட்டிக்கொண்டிருந்த குழாய்களும் கம்ப்ரஸரின் சக்கரமும் தெளிவாகத் தெரிந்தன. அப்பா உள்ளே போகவில்லை.

“பூடுச்சாண்ணா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இல்ல. நின்னுக்கினு கீது.”

அம்மா சாப்பிட அழைத்தாள். இருவரும் போகவில்லை. வெயில் மதிலின் மேல் ஏறி மறுபக்கம் சரிந்தது.

“இப்பவாவது பூடுச்சா?”

“இல்லடா,” என்றார் அப்பா. “இன்னும் அங்கியேதான் கீது.”